மருந்து போடாத புண்ணும் ஆறும்

முனைவர் பட்டத்துக்காக நான் செலவிட்ட காலத்தில் கணிசமான பகுதி கட்டம் எண்ணுவதில் போனது. எலியின் முதுகிலுள்ள புண்ணின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய தாளை வைத்து, புண்ணின் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைய வேண்டும். பிறகு அந்தத் தாளை மில்லிமீட்டர் வரைபடத் தாளின் மேல் பொருத்தி, கோட்டுக்குள் எத்தனை கட்டங்கள் அடங்குகின்றன என்று எண்ண வேண்டும். பாதிக்கு மேல் உள்ளே இருந்தால் ஒன்று. குறைந்தால் கணக்கில் இல்லை. இப்போது படம் எடுத்துக் கணினியில் அளந்துவிடுகிறார்கள். அந்த வசதி அப்போதும் உலகத்தில் இருந்தது, எங்கள் ஆய்வகம்வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

மூலிகைகள் புண்ணை ஆற்றுமா என்று சோதிப்பது என் ஆய்வு. இதைத் தெரிந்துகொண்ட யாரும் அடுத்ததாகக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அப்படியானால் எந்த இலை நல்லது?" நான் திணறுவேன். இத்தனை வருடம் படித்துவிட்டு ஒரு இலையின் பெயரைச் சொல்லத் தெரியவில்லையே என்று அவர்கள் முகத்தில் ஓடுவது எனக்குத் தெரியும். ஏன் திணறுகிறேன் என்பதை ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிடுகிறேன். இனிக் கேட்பவர்களுக்கு இதைப் படிக்கக் கொடுத்துவிடலாம்.

முதல் தொல்லை, புண் தானாகவே ஆறிவிடும் என்பது. காய்ச்சலும் சளியும் தானாகப் போவதைப்போலத்தான். ஆனால் புண் ஆறுவது கண்ணெதிரே நடப்பதால், மேலே எதைப் பூசினோமோ அதற்கே பெயர் போய்விடுகிறது. வெட்டுப்பட்ட சில நிமிடங்களில் இரத்தம் உறைகிறது. முதல் நாளே நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளையணுக்கள் வந்து கிருமிகளோடு மல்லுக்கட்டுகின்றன. இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் வந்து குப்பையை அள்ளுகின்றன. பிறகு ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் கொலாஜன் என்ற புரத நாரை நூற்கத் தொடங்குகின்றன, புதிய இரத்தக் குழாய்கள் முளைக்கின்றன, ஓரத்திலிருந்து மேல்தோல் ஊர்ந்து வந்து மூடுகிறது. மூடிய பிறகும் வேலை ஓய்வதில்லை. அவசரத்தில் போட்ட மூன்றாம் வகைக் கொலாஜனைப் பிரித்து, முதல் வகையை இழுத்துக் கட்டும் பணி ஓராண்டுக்கு மேலும் நடக்கும். அப்படியும் தழும்பின் வலிமை பழைய தோலில் சுமார் 80 சதவீதத்தைத் தாண்டாது. இவ்வளவும் ஒரு இலையின் உதவியும் இல்லாமல் நடக்கிறது.

ஆகவே சோதனையின் கேள்வி 'இலை போட்டால் ஆறுகிறதா' என்பதன்று. போடாமல் இருந்திருந்தால் அதே புண் என்ன செய்திருக்கும் என்பதுதான் கேள்வி. கேட்பதற்குச் சின்ன விஷயம். என்னுடைய ஐந்து ஆண்டுகளை விழுங்கியது அதுதான்.

நான் எடுத்துக்கொண்டது கிணற்றடிப்பூண்டு. வெட்டுக்காயப்பூண்டு என்றும் சொல்வார்கள். தரையோடு படர்ந்து, சொரசொரப்பான இலைகளுக்கு நடுவே நீண்ட காம்பில் ஒற்றைப் பூவை நீட்டிக்கொண்டு நிற்கும் களை. தாவரவியல் பெயர் டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ். சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. அங்கிருந்து வெப்ப நாடுகள் அனைத்துக்கும் பரவியது. ஆகையால் இதைப் பல்லாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று யாராவது எழுதினால் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் எனக்கு வியப்பு வேறு இடத்தில். வந்து சேர்ந்த சில நூற்றாண்டுகளுக்குள், ஒருவரையொருவர் அறியாத மக்கள் பல கண்டங்களில் இந்தக் களையைப் பறித்துக் காயத்தின் மேல்தான் பிழிந்திருக்கிறார்கள். அது சான்று ஆகாது. ஆனாலும் தேடிப் பார்க்கலாம் என்று தோன்றவைக்கப் போதுமான காரணம்.

ஆய்வைத் தொடங்குமுன் ஒரு மூலிகை மருத்துவரைப் பார்க்கப் போனேன். எழுபது வயதைத் தாண்டிய அம்மா. குறிப்பேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு எந்தப் பாகம், எப்போது பறிப்பது, எப்படிப் பிழிவது என்று அடுக்கினேன். பொறுமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர் இடையில் நிறுத்தினார்.

"இலையைப் பற்றி இவ்வளவு கேட்கிறாயே தம்பி, புண் யாருக்கு?"

"யாருக்கும் இல்லை அம்மா. ஆராய்ச்சிக்குத்தான்."

"யாருக்கு என்று தெரியாமல் எப்படி மருந்து சொல்வது? வந்து எத்தனை நாள்? காலிலா கையிலா? சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதா? மொய்த்தால் என்னிடம் கூட்டி வராதே. அது இந்த இலைக்கு அடங்காது."

எறும்பு விஷயத்தைக் குறிப்பேட்டின் ஓரத்தில் எழுதினேன். நடுவில் எழுதியது இலை, பிழிவு, அளவு.

செடியைப் பறித்து முதலில் செய்ய வேண்டியது அதை அடையாளம் காண்பது. பூவும் காயும் வேருமாக ஒரு மாதிரியைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவே அழுத்தி உலர்த்தி, அட்டையில் தைத்து, எண்ணிட்டு, தாவரக் காப்பகத்தில் ஒப்படைக்க வேண்டும். சலிப்பான வேலை. ஆனால் அந்த எண் இல்லாத ஆய்வுக் கட்டுரையை நான் இப்போதெல்லாம் முதல் பக்கத்துக்கு மேல் படிப்பதில்லை. கரிசலாங்கண்ணி என்றால் வெள்ளைப் பூப் பூப்பதா, மஞ்சள் பூப் பூப்பதா? இரண்டும் வெவ்வேறு பேரினம். பிரம்மி என்ற பெயரில் ஓரிடத்தில் வல்லாரையும் இன்னோரிடத்தில் நீர்ப்பிரம்மியும் விற்பனையாகின்றன. தூளாக்கிய பிறகு எல்லாம் பச்சைப் பொடிதான்.

அடுத்தது சாறு எடுப்பது. அந்த அம்மா இலையைக் கசக்கிச் சாற்றைப் புண்ணில் சொட்டவிடுவார். நான் என்ன செய்தேன்? நிழலில் உலர்த்தி, அரைத்து, சாக்ஸ்லெட் கருவியில் மெத்தனால் என்ற கரைப்பானோடு ஏற்றினேன். கீழே மெத்தனால் கொதித்து ஆவியாகும்; மேலே குளிர்ந்து இலைத்தூளின் மீது சொட்டும்; நிரம்பியதும் குபுக்கென்று ஒரே மூச்சில் கீழே இறங்கும். மீண்டும் கொதிக்கும். முதல் இறக்கம் கரும்பச்சை, பத்தாவது இளம்பச்சை, பிறகு கிட்டத்தட்ட நிறமே இல்லை. மெத்தனாலை ஆவியாக்கி ஓட்டிவிட்டால் குடுவையின் சுவரில் தார் போல ஒட்டிக்கொண்டு ஒரு பிசின் மிஞ்சும். அதைச் சுரண்டி எடுப்பதற்குள் மணிக்கட்டு வலிக்கும்.

இந்தப் பிசினைத்தான் பாரம்பரிய மருந்து என்று பெயர் சொல்லி நாங்கள் சோதிக்கிறோம். உலகத்தில் எந்த நாட்டு மருத்துவரும் மெத்தனாலில் கொதிக்கவைத்ததைப் புண்ணில் பூசியதில்லை. கொதித்ததில் எது அழிந்தது, சாற்றில் இல்லாத எது கரைந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலான ஆய்வுகளிடம் பதில் இராது. என்னிடமும் இருக்கவில்லை. ஏன் மெத்தனால் என்று நெறியாளர் கேட்டபோது, "எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், மேடம்" என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

செய்முறை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2015ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுமார் ஆயிரம் ஆண்டு பழைய மருத்துவச் சுவடி ஒன்றிலிருந்து கண் கட்டிக்கான மருந்தை எழுத்துப் பிசகாமல் செய்து பார்த்தார்கள். பூண்டு, வெங்காய இனத்தில் இன்னொன்று, திராட்சை மது, மாட்டின் பித்தநீர்; கலந்து ஒன்பது நாள் வைத்திருக்க வேண்டும். மெதிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்துக்கு அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியை அந்தக் கலவை கொன்றது. பொருள்களைத் தனித்தனியே வைத்துப் பார்த்தபோது அந்த வீரியம் இல்லை. பூண்டை மட்டும் மெத்தனாலில் ஏற்றி யாராவது சோதித்திருந்தால், பழைய சுவடி பொய் சொல்கிறது என்று எழுதி முடித்திருப்பார்கள்.

எலிக்குப் போகுமுன் செல்களில் பார்க்க வேண்டும். தட்டின் அடியில் செல்களை ஒரே அடுக்காக வளர்த்து, பிப்பெட்டின் மஞ்சள் நுனியால் நடுவில் ஒரு கோடு கீற வேண்டும். கைநடுக்கம் இருந்தால் கோடு ஆறுபோல வளையும். அழுத்தினால் தட்டின் பிளாஸ்டிக்கே கீறும். நுண்ணோக்கியில் பார்த்தால் இருபுறமும் செல்கள் கரை கட்டி நிற்க, நடுவே வெற்று நிலம். சில மணி நேரத்தில் கரையோரச் செல்கள் கால் நீட்டுவதுபோல நீண்டு, வெற்று நிலத்துக்குள் இறங்கத் தொடங்கும். 24 மணி நேரத்தில் இடைவெளி எவ்வளவு சுருங்கியது என்று அளப்பதுதான் சோதனை. முதல்முறை அதைப் பார்த்தபோது இரவு இரண்டு மணி. ஆய்வகத்தில் வேறு யாரும் இல்லை. எழுந்து போக மனம் வரவில்லை.

இதிலும் கண்ணி உண்டு. இடைவெளி மூடியது செல்கள் நகர்ந்ததாலா, பெருகியதாலா? பிரித்தறிய வேண்டுமானால் மைட்டோமைசின் கொடுத்துப் பெருக்கத்தை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். பலர் அதைச் செய்வதில்லை. தவிரவும் அந்தத் தட்டில் இரத்தம் இல்லை, கிருமி இல்லை, நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லை. அதைப் புண் என்று அழைப்பது ஓர் உபசாரம்.

அதைவிடப் பெரிய பாடம் ஊதா நிறத்தில் வந்தது. செல்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று அறிய எம்டிடி என்ற மஞ்சள் சாயத்தைச் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும். ஊதா அடர்ந்தால் செல்கள் அதிகம். என் இலைச்சாறு சேர்த்த தட்டின் குழிகளில் ஊதா அடர்த்தியாக மின்னியது. செல்கள் செழிக்கின்றன என்று கட்டுரையின் தலைப்பைக்கூட மனத்தில் எழுதிவிட்டேன். ஒருநாள் தவறுதலாகச் செல் போடாத குழிகளிலும் சாற்றையும் சாயத்தையும் ஊற்றிவிட்டேன். அவையும் ஊதா. தாவரங்களில் நிறைந்திருக்கும் பாலிஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்களே அந்தச் சாயத்தை மாற்றிவிடும். செல் தேவையே இல்லை. மூன்று மாத உழைப்பு குப்பைக்கு. நான் செய்த பிழைகளிலேயே உருப்படியானது அந்தத் தவறுதல்தான்.

கிருமிக்கொல்லிச் சோதனையைப் பற்றி அதிகம் எழுதத் தோன்றவில்லை. அகார் தட்டில் கிருமியைப் பரப்பி, சாறு நனைத்த தாள்வில்லையை வைத்தால், சுற்றிலும் கிருமி வளராத வளையம் தெரியும். வில்லையின் விட்டமே 6 மில்லிமீட்டர். அதையும் சேர்த்து 8 மில்லிமீட்டர் வளையம் என்று பெருமையாக எழுதுபவர்கள் உண்டு. கிருமியைக் கொல்வதும் புண்ணை ஆற்றுவதும் ஒன்றல்ல. கிருமியைக் கொல்லும் பல பொருள்கள் ஃபைப்ரோபிளாஸ்ட்டையும் சேர்த்தே கொல்லும்.

எலிக்கு வருவோம். விலங்கு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி வாங்கி, மயக்க மருந்து கொடுத்து, முதுகில் மயிர் மழித்து, 2 சென்டிமீட்டர் விட்டத்தில் வட்டமாகத் தோலை எடுக்க வேண்டும். எத்தனை முறை செய்தாலும் பழகாத வேலை அது. பழகிவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று நெறியாளர் சொல்வார். பிறகு ஒவ்வொரு எலியையும் தனிக் கூண்டில் விட வேண்டும். சேர்த்து விட்டால் ஒன்றன் புண்ணை ஒன்று நக்கும். நக்கினால் மருந்து போய்விடும் என்பது மட்டுமல்ல, எச்சிலே மருந்து. எலி இனத்தின் உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வளர்ச்சிக் காரணிகள் நிறைந்திருக்கின்றன. ஸ்டான்லி கோஹன் மேல்தோல் வளர்ச்சிக் காரணியைக் கண்டறிந்தது சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்துதான்; 1986இல் ரீட்டா லெவி-மோன்டால்சினியோடு நோபல் பரிசும் பெற்றார்.

இன்னொன்று. மாட்டின் மேல் ஈ உட்கார்ந்தால் அது தோலை மட்டும் சிலிர்த்துக்கொள்கிறதே, அந்தத் தசைப் படலம் எலிக்கும் உண்டு. அதனால் எலியின் புண் பெரும்பாலும் சுருக்குப்பையை இழுத்தாற்போல ஓரங்கள் கூடி மூடுகிறது. மனிதனுக்கு அந்தப் படலம் ஏறக்குறைய இல்லை. நம் புண்ணில் அடியில் புதுத் திசு வளர்ந்து, மேல்தோல் ஊர்ந்து வந்து மூட வேண்டும். எலியில் 'சுருக்கத்தை விரைவுபடுத்தியது' என்று நிரூபித்த மருந்து, மனிதனிடம் எந்தச் சுருக்கத்தை விரைவுபடுத்தும்? இதைச் சமாளிக்கப் புண்ணைச் சுற்றிச் சிலிக்கான் வளையத்தைத் தைத்துச் சுருங்கவிடாமல் தடுக்கும் முறை 2004 முதல் புழக்கத்தில் இருக்கிறது. எந்தச் சோதனை மனித முடிவோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று 2001இல் வெளியான ஒரு மதிப்பாய்வு தொகுத்துப் பார்த்தது. பன்றியில் செய்தவை 78 சதவீதம், செல்களில் செய்தவை 57, சிறு விலங்குகளில் செய்தவை 53. நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும்.

என் முதல் எலிச் சோதனையில் மூன்று குழுக்கள். ஒன்றுக்கு ஒன்றும் பூசவில்லை. ஒன்றுக்குப் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. ஒன்றுக்குக் கிணற்றடிப்பூண்டுக் களிம்பு. களிம்புக் குழு மற்ற இரண்டையும் வெகுதூரம் பின்தள்ளிவிட்டது. வரைபடத்தை அச்சிட்டு எடுத்துக்கொண்டு நெறியாளர் அறைக்கு ஓடினேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"களிம்பில் இலையைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சும்?"

"வெள்ளை மென்பாரஃபின், மேடம். வாசலின்தான்."

"அதை மட்டும் பூசிய எலி எங்கே?"

இல்லை. யோசிக்கவே இல்லை. அன்று மாலை அவர் எனக்கு ஜார்ஜ் வின்டர் எழுதிய ஒரு கட்டுரையைக் கொடுத்தார். 1962இல் நேச்சர் இதழில் வந்தது. பன்றியின் தோலில் ஆழமில்லாத புண்களை உண்டாக்கி, பாதியைக் காற்றில் காயவிட்டார், பாதியைப் பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடியவற்றில் மேல்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் வளர்ந்தது. காரணம் எளிது. காய்ந்த புண்ணில் பொருக்கு கட்டுகிறது. மேல்தோல் செல்கள் அந்தப் பொருக்குக்கு அடியில் ஈரமான இடம் தேடிக் குடைந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. ஈரமாக இருந்தால் நேராக ஊர்ந்துவிடும். அதற்கு மருந்து வேண்டாம், காயாமல் இருந்தால் போதும்.

வெறும் வாசலின் குழுவைச் சேர்த்துச் சோதனையை மறுபடியும் செய்தேன். என் மூலிகையின் வெற்றியில் பாதிக்கு மேல் வாசலின் சாப்பிட்டுவிட்டது. இலைச்சாறு, தேன், நெய், எண்ணெய், கொழுப்பு என்று உலகம் முழுவதும் காயத்தில் பூசப்பட்டவற்றை நினைத்துப் பாருங்கள். பெரும்பாலானவை ஈரத்தைக் காப்பவை. நம் முன்னோர் கண்டுபிடித்தது இலையின் குணத்தைவிட ஈரத்தின் குணமாகவும் இருக்கலாம். அதைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நவீன மருத்துவம் அதைக் கட்டுரையாக்கியது 1962இல்தான்.

மிச்சமிருந்த பாதியைத் தின்றது நானே. புண்ணின் விளிம்பு அச்சடித்த கோடு அல்ல. சிவப்பும் இளஞ்சிவப்பும் கலக்கும் ஒரு மங்கல் பட்டை அது. கோட்டை எங்கே போடுவது என்பது என் கையில் இருக்கிறது. 2 சென்டிமீட்டர் வட்டத்தின் பரப்பு 314 சதுர மில்லிமீட்டர். கோட்டைச் சுற்றிலும் அரை மில்லிமீட்டர் தள்ளிப் போட்டால் 346. பத்து சதவீதம் கூடிவிட்டது. புண் ஆறி 8 மில்லிமீட்டர் விட்டத்துக்கு வந்த நிலையில் அதே அரை மில்லிமீட்டர் பிசகினால், 50 என்பது 64 ஆகும். கால் பங்குக்கும் மேல். எந்தக் கூண்டில் எந்த மருந்து என்று தெரிந்த கை, அரை மில்லிமீட்டருக்கு நியாயம் பேசாது. நான் ஏமாற்றவில்லை. சத்தியமாக இல்லை. ஆனால் மூலிகைக் குழுவின் புண்ணில் கோடு கொஞ்சம் உள்ளே விழுந்திருக்கிறது. அடுத்த சோதனையில் கூண்டுகளின் அட்டையை மறைத்து, மருந்து எதுவென்று தெரியாத ஒரு நண்பரை வரையச் சொன்னேன். இடைவெளி இன்னும் சுருங்கியது.

மிச்சத்துக்குப் புள்ளியியல். ஒரே சோதனையில் ஏழு நாள்களில் அளந்து, ஒவ்வொரு நாளையும் தனித்தனியே ஒப்பிட்டு, மருந்தில் ஒன்றுமே இல்லாமல் இவ்வளவு வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு எங்காவது நூற்றுக்கு ஐந்துக்குக் கீழே விழுந்தால் அங்கே நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். மருந்தில் ஒன்றுமே இல்லாவிட்டாலும், ஏழும் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால், குறைந்தது ஒரு நட்சத்திரம் விழ 30 சதவீத வாய்ப்பு இருக்கிறது. நட்சத்திரம் விழுந்த கட்டுரைகள் இதழ்களில் வருகின்றன. விழாதவை அலமாரியில் தூங்குகின்றன. எந்தச் செடியைத் தேடினாலும் 'புண் ஆற்றும்' என்று ஒரு கட்டுரை கிடைப்பது எப்படி என்று இப்போது புரியும். ஆற்றாத செடி ஒன்றின் பெயரைச் சொல்லுங்கள் பார்க்கலாம்!

மஞ்சளின் கதை தெரிந்திருக்கும். புண்ணை ஆற்ற மஞ்சள் தூளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995இல் அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் எதிர்த்து வாதாடி 1997இல் அது ரத்தானது. நியாயமான வெற்றி. ஆனால் அன்று நிலைநாட்டப்பட்டது, இது ஏற்கெனவே தெரிந்த பயன்பாடு என்பதே. மஞ்சள் புண்ணை எவ்வளவு ஆற்றும் என்பது அந்த வழக்கின் கேள்வியாகவே இருக்கவில்லை. தெரிந்திருப்பதும் நிரூபணமாவதும் வேறு வேறு. இதைச் சொன்னால் சிலர் கோபித்துக்கொள்கிறார்கள்.

சோற்றுக்கற்றாழை இன்னொரு கதை. 1991இல் வெளியான ஒரு மருத்துவமனை ஆய்வில், அறுவை சிகிச்சைக்குப் பின் தையல் பிரிந்து திறந்த புண்களுக்குச் சிலருக்கு வழக்கமான சிகிச்சையும், சிலருக்கு அதனோடு கற்றாழைக் கூழும் கொடுத்தார்கள். வழக்கமான சிகிச்சையில் ஆறச் சராசரியாக 53 நாள் ஆனது. கற்றாழை சேர்த்தவர்களுக்கு 83 நாள். சிறிய ஆய்வுதான், அதை மட்டும் வைத்துக் கற்றாழையை ஒதுக்க வேண்டியதில்லை. தாவரம் என்றால் பலன் இருக்கும், இல்லாவிட்டால் கெடுதலாவது இருக்காது என்ற நினைப்புக்கு அது ஒரு சரியான குட்டு.

எல்லாமே இப்படி முடிவதில்லை. பிர்ச் மரத்தின் பட்டையிலிருந்து எடுத்த டிரைடெர்பீன்கள் என்ற வேதிப்பொருள்களைக் கொண்ட களிம்பு ஒன்று 2022இல் ஐரோப்பாவிலும் 2023இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. தொட்டாலே தோல் உரிந்து கொப்புளிக்கும் பிறவிக் கோளாறு உள்ளவர்களின் புண்களுக்கான மருந்து அது. 223 நோயாளிகள். 45 நாளுக்குள் குறிவைத்த புண் முழுதாக மூடியது மருந்துக் குழுவில் 41.3 சதவீதம் பேருக்கு. வெறும் களிம்புக் குழுவில் 28.9. அந்த இரண்டாவது எண்ணை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மருந்துக் களிம்பிலேயே பத்தில் ஒன்பது பங்கு சூரியகாந்தி எண்ணெய். எண்ணெயைக் கழித்த பிறகும் நின்ற வித்தியாசம் அது. எங்கள் ஆய்வகத்தில் வாசலின் குழுவைச் சேர்க்கச் சொன்ன அதே கேள்விக்கு, பட்டையிலிருந்து வந்த மருந்து ஒன்று பதில் சொல்லிவிட்டது. 90 நாளில் அந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியாக நிற்கவில்லை என்பதையும் அதே ஆய்வு மறைக்காமல் வெளியிட்டது. இந்தத் துறையில் நான் மதிக்கும் முடிவுகள் இப்படித்தான் இருக்கும்: கொஞ்சமாக, நிபந்தனையோடு, நம்பும்படியாக.

வேடிக்கையும் உண்டு. அமேசான் காட்டு மக்கள் குரோட்டன் லெக்லரி என்ற மரத்தைக் கீறி, வழியும் இரத்தச் சிவப்புப் பாலைக் காயத்தில் தடவுவார்கள். அந்தப் பாலிலிருந்து பிரித்த பொருள் 2012இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. எதற்கு? எச்ஐவி தொற்றுக்கு மருந்து உட்கொள்பவர்களின் வயிற்றுப்போக்குக்கு.

இதையெல்லாம் தாண்டி என்னை உறுத்தும் விஷயம் வேறு. என் எலிகள் அத்தனையும் இளமையானவை, ஆரோக்கியமானவை, சுத்தமான கத்தியால் வெட்டப்பட்டவை. எதுவும் பூசாவிட்டாலும் மூன்று வாரத்தில் அவற்றின் புண் மூடிவிடும். அவற்றுக்கு மருந்தே தேவையில்லை. மருந்து தேவைப்படுவது ஆறாத புண்ணுக்கு. நீரிழிவுக்காரரின் பாதத்தில் மாதக்கணக்கில் திறந்து கிடக்கும் புண்ணில், அழற்சி முடிய வேண்டிய நேரத்தில் முடிவதில்லை. போடுகிற கொலாஜனை அறுக்கும் நொதிகள் மிகுந்து கிடக்கின்றன. கிருமிகள் படலம் கட்டி ஒளிந்திருக்கின்றன. உணர்ச்சி மரத்த காலில் செருப்பு அழுத்துவதே தெரிவதில்லை. அப்படிப்பட்ட புண்ணுக்கு மருந்து என்று சொல்ல வேண்டுமானால், புண் முழுதாக மூடி, கசிவும் கட்டும் இன்றி, இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்தும் மூடியே இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டுதல். '10ஆம் நாளில் கூடுதலாகச் சுருங்கியது' என்ற என் வாக்கியத்தை அந்த வாசலில் கொண்டுபோய் நிறுத்த முடியாது.

எலிக்கு ஸ்ட்ரெப்டோசோட்டோசின் கொடுத்து நீரிழிவை உண்டாக்கிச் சோதிக்கும் முறை உண்டு. செய்திருக்கலாம். எலிகள் மெலியும், சாகும், எண்ணிக்கை குறையும், பட்டம் தள்ளிப்போகும். செய்யவில்லை. பல வருடம் கழித்துப் பழைய குறிப்பேட்டைப் புரட்டியபோதுதான் ஓரத்தில் எழுதியிருந்த எறும்பு, நீரிழிவின் பழைய அடையாளம், கண்ணில் பட்டது. எந்தப் புண் இலைக்கு அடங்கும், எது அடங்காது என்று முதல் நாளே அந்த அம்மா பிரித்துச் சொல்லியிருக்கிறார். மருத்துவ ஆய்வில் யாரைச் சேர்ப்பது, யாரை விலக்குவது என்று ஒரு பட்டியல் போடுவோம். அவர் அதை வாய்மொழியாகவே வைத்திருந்தார். ஆறக்கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டால் ஆற்றிய பெயர் கிடைக்கும் என்றும் இதற்குப் பொருள் சொல்லலாம். நோயாளியைப் பலிகொடுக்காத நேர்மை என்றும் சொல்லலாம். நான் இரண்டாவதின் பக்கம். முதலாவது இல்லையென்று மறுக்கவும் மாட்டேன்.

எந்த இலை என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது: சின்னக் காயம் என்றால் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள், காயவிடாமல் சுத்தமாக மூடி வையுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்று பாருங்கள். தரையில் பறித்த இலையோடு மண்ணும் வரும், மண்ணோடு அந்தக் கிருமியின் விதைகளும் வரும். நீரிழிவு இருந்து காலில் புண் என்றால் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் இன்றே மருத்துவரிடம் போங்கள். கேட்டவர்கள் ஏமாற்றத்தோடு, "இலை எதுவும் வேண்டாமா?" என்பார்கள்.

புண்ணின் விளிம்பை வரைந்த அந்தத் தாள்களை நான் தூக்கி எறியவில்லை. ஒரு கோப்பில் இருக்கின்றன. சில நாள் முன்பு எதையோ தேடும்போது கையில் சிக்கியது. 14ஆம் நாள் தாள்கள் இரண்டை உருவி எடுத்தேன். ஒன்று வாசலின், ஒன்று கிணற்றடிப்பூண்டு. ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பிடித்தேன். பட்டாணி அளவுக்கு இரண்டு வளையங்கள், ஒன்றையொன்று ஒட்டியும் விலகியும். எண்ணை எழுதியிருந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு எது எது என்று சொல்லிப் பார்த்தேன். தவறாகச் சொல்லியிருந்தேன்.